நவம்பரில் மீண்டும் வெனிஸ்: அதுவரை என்ன செய்வது, போனபின் ஏமாற்றமாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாக இத்தாலி போனபோது இரண்டே நாள் வெனிஸில் இருந்தீர்கள். அன்றிலிருந்து அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது நவம்பர் 16 முதல் 25 வரை மனைவியோடு போகிறீர்கள். விசா, டிக்கெட், தங்கும் அறை எல்லாம் தயார். இடையில் நான்கு மாதம் கிடக்கிறது. தினமும் இரவு ஒரு மணி நேரம் வெனிஸ் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறீர்கள். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது: இவ்வளவு ஆசைப்பட்டுப் போய்க் கடைசியில் சப்பென்று ஆகிவிட்டால்? நவம்பரில் ஊரே தண்ணீரில் மூழ்குமாமே? கொண்டோலா என்ற அந்த ஊர்த் துடுப்புப் படகில் ஏறலாமா வேண்டாமா?

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், நானும் ஒன்று தந்து பயனில்லை. உங்கள் கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. பிடித்த ஊருக்காகக் காத்திருக்கும் காலத்தை, அந்த ஊரைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படிக் கழிப்பது? அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெள்ளமும் கொண்டோலாவும் வழியில் வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பழைய கட்டடங்களின் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து இவற்றைப் பழுதுபார்த்துக் காப்பாற்றும் துறையில் படித்தேன், பல ஆண்டுகளாக அதுதான் பிழைப்பு. இந்தத் துறையில் இருப்பவர்கள் வெனிஸுக்குப் போகாமல் தப்பிக்க முடியாது. ஆகவே சுவர், தண்ணீர், உப்பு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். ஓவியங்களைப் பற்றிச் சொல்வது ஒரு ரசிகனின் பேச்சு. மனம், மகிழ்ச்சி பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும் பார்த்ததும்தான், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாவது வகையிலிருந்தே தொடங்குகிறேன். 2010-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு உண்டு. யெரோன் நாவெய்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் கேட்டு எழுதியது. விடுமுறைக்குப் போகவிருப்பவர்கள், போகாதவர்களைவிடப் பயணத்துக்கு முன்பே கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிக நிம்மதியாக விடுமுறை கழித்தவர்களிடம் மட்டும் கொஞ்ச நாள் அது தங்கியிருந்தது. இதைப் படித்துவிட்டு 'எதிர்பார்ப்புதான் மகிழ்ச்சியைத் தருகிறது' என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை. எதிர்பார்ப்பு காரணமாக இருக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. எப்படியிருந்தாலும் உங்கள் நான்கு மாதத்தை வெறும் காத்திருப்பு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. பயணத்தின் ஒரு பகுதி அதிலேயே நடக்கிறது.

அப்படியென்றால் வீடியோ பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தவறு இல்லை. ஆனால் எனக்கு அது பிடிக்காது. மிதக்கும் கேமரா, வானிலிருந்து எடுத்த காட்சி, பின்னணியில் வயலின்: இவை எல்லாம் ஊரை வேறொருவர் பார்த்து முடித்துவிட்ட நிலையில் உங்களிடம் தருகின்றன. ஐம்பது முறை பார்த்த மூலையை ஐம்பத்தோராவது முறை நேரில் பார்க்கும்போது 'ஆமாம், இதேதான்' என்று சரிபார்க்கத்தான் மனம் போகும். ஒரு ஊரை முன்கூட்டியே பார்த்துத் தீர்ப்பதைவிட, அது எப்படி இயங்குகிறது என்று முன்கூட்டியே கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. ஆகவே வீடியோக்களை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் அசையாத இரண்டு படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, யாகொபோ தெ பார்பரி வரைந்து 1500-ஆம் ஆண்டு வெளியான வெனிஸ் நகரின் வான்காட்சிப் படம். ஆறு மரக்கட்டைகளில் செதுக்கி ஆறு தாள்களில் அச்சிட்டு ஒட்டியது. மொத்தம் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம். விமானம், பலூன் எதுவும் இல்லாத காலத்தில் கோபுரங்களின் மேலிருந்து அளந்து அளந்து வரைந்திருக்கிறார்கள். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி கிடைக்கிறது. நீங்கள் தங்கப்போகும் தெருவை இன்றைய வரைபடத்தில் கண்டுபிடித்து, அதே இடத்தை இதில் தேடுங்கள். பாதி நேரம் கிடைத்துவிடும், அதுதான் வெனிஸின் விசேஷம். சான் மார்கோ மணிக்கூண்டைப் பாருங்கள்: உச்சியில் கூம்பு இருக்காது, தட்டையான தற்காலிகக் கூரை இருக்கும். 1489-இல் இடி விழுந்து எரிந்ததைப் படம் அப்படியே பதிவு செய்திருக்கிறது. ரியால்டோவில் இன்றைய கல் பாலம் இருக்காது. நடுவில் தூக்கித் திறக்கும் மரப்பாலம் இருக்கும். கல் பாலத்தை அந்தோனியோ தா போந்தே கட்டி முடித்தது 1591-இல்தான். மரக்கட்டைகள் இப்போதும் சான் மார்கோ சதுக்கத்தில் உள்ள கொர்ரேர் அருங்காட்சியகத்தின் சொத்து. நான்கு மாதம் திரையில் மேய்ந்த கோடுகளைச் செதுக்கிய கட்டைகளுக்கு முன்னால் நிற்க வாய்த்தால் அந்த ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாவது, கனலெட்டோ 1725 வாக்கில் வரைந்த 'கல்தச்சர் முற்றம்'. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் நன்றாகப் பெரிதாக்கலாம். கனலெட்டோவின் நல்ல படங்கள் பெரும்பாலும் வெனிஸில் இல்லை, ஆங்கிலேயர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் படத்தில் படகுப் போட்டி, ஊர்வலம், பளபளப்பு ஒன்றும் கிடையாது. காம்போ சான் விதால் என்ற சிறு சதுக்கம் கல் செதுக்கும் பட்டறையாகிக் கிடக்கிறது. வெள்ளைக் கற்பாளங்கள், சுத்தியலும் உளியுமாகக் குனிந்திருக்கும் ஆட்கள், இடது ஓரத்தில் தடுமாறி விழுந்த குழந்தை, அதைப் பிடிக்க ஓடும் தாய், மேலே மாடத்தில் உட்கார்ந்து நூல் நூற்கும் பெண். சுவர்களில் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிகிறது. கால்வாய்க்கு அக்கரையில் ஒரு தேவாலயமும் உயர்ந்த மணிக்கூண்டும். அந்த மணிக்கூண்டு 1744-இல் இடிந்து விழுந்துவிட்டது. தேவாலயம்தான் இன்று அக்கதேமியா ஓவியக்கூடத்தின் ஒரு பகுதி. அங்கே போய் அக்கதேமியா பாலத்தின் கிழக்குக் காலடியில் நின்றால், கிட்டத்தட்ட அந்தப் படத்துக்குள்ளேயே நிற்பீர்கள். எது இல்லை, எது புதிது என்று அப்போது உங்களுக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெள்ளைக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அது இஸ்திரியா கல், ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையிலிருந்து கப்பலில் வந்தது. அடர்த்தியான சுண்ணாம்புக்கல், தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. வெனிஸ் கட்டடத்தின் அமைப்பைக் கீழிருந்து மேலே பாருங்கள். சேற்றுக்குள் நெருக்கமாக அடித்த மரக்கம்பங்கள். காற்று படாத சேற்றில் மரம் எளிதில் மக்குவதில்லை, அதனால்தான் பல நூறு ஆண்டாகத் தாங்குகிறது. அதன் மேல் பலகைகள், அவற்றின் மேல் இஸ்திரியா கல் வரிசைகள், பிறகுதான் செங்கல். கல் வரிசை தண்ணீர் மட்டத்துக்கு மேல் சில அடி வரும்படி கட்டினார்கள். கடல் நீரைச் செங்கல் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

இப்போது தொடுகிறது. கடல் உயர்ந்தது, ஊரும் தாழ்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தாழ்வு வேகமானது, 1970-களில் அதை நிறுத்தினார்கள். பல வீடுகளில் இன்று அலை கல் வரிசையைத் தாண்டிச் செங்கலை நனைக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் உப்புநீரை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் படிகம் பெருத்துச் செங்கலின் நுண்துளைகளை உள்ளிருந்தே பிளக்கும். முகம் பொரிந்து பொடியாக உதிரும். ஏதாவது சிறு கால்வாய் ஓரமாக நிற்கும்போது எதிர்ச்சுவரைக் கவனியுங்கள்: கீழே பச்சைப் பாசி, அதற்கு மேல் வெள்ளைக் கல், அதற்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குச் சாந்து விழுந்து குழிந்துபோன செங்கல், இன்னும் மேலே நல்ல சாந்து. சில இடங்களில் குழிந்த பகுதியைச் சிமென்ட் பூசி மறைத்திருப்பார்கள். அதற்குச் சற்று மேலே புதிதாக ஓர் ஈர வளையம் தெரியும். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிப் போய்விட்டது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது, உங்கள் மனைவி என்னைத் திட்டுவார்.

அந்தப் பாசிக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. அலை வழக்கமாக எட்டும் உயரம் வரைதான் பாசி வளரும், அதனால் பழைய வெனிஸில் அதையே உயரத்துக்கு அளவுகோலாக வைத்தார்கள். கனலெட்டோ, காட்சியை ஒளியாகத் தாளில் விழச்செய்யும் இருட்டுப் பெட்டிக் கருவியின் உதவியோடு வரைந்ததால் அவர் படங்களில் பாசிக் கோடு ஏறத்தாழச் சரியான இடத்தில் இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் அந்தக் கோட்டையும் அதே வீட்டின் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டு, அவர் காலத்திலிருந்து தண்ணீர் சுவரில் சுமார் 60 செ.மீ. ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஓவியத்தை வைத்து அளப்பதால் பத்து செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். போகும் திசையில் சந்தேகம் இல்லை.

சரி, வெள்ளத்துக்கு வருவோம். அக்வா ஆல்தா என்று அவர்கள் சொல்லும் உயர் அலை, அதாவது கடல் மட்டமே ஏறி ஊருக்குள் வருவது, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும்தான் அதிகம், உங்கள் தேதிகள் அதற்குள் விழுகின்றன. வரலாற்றில் மிக உயர்ந்த இரண்டும் நவம்பரில் வந்தவை: 1966 நவம்பர் 4-இல் 194 செ.மீ., 2019 நவம்பர் 12-இல் 187 செ.மீ. ஆனால் இந்த எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். தெருவில் நிற்கும் தண்ணீரின் ஆழம் இல்லை இது. 1897-இல் குறித்த ஒரு கடல்மட்டத்திலிருந்து அளப்பது. தெருக்கள் அதற்கு மேல் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. 80 செ.மீ. வாக்கில் சான் மார்கோ சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகள் நனையத் தொடங்கும். 110 செ.மீ. வந்தால்கூட நகரத்தில் எட்டில் ஒரு பங்கு போலத்தான் நனையும், அதுவும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இன்னொரு பெரிய மாற்றம் 2020 அக்டோபர் 3 முதல் நடந்திருக்கிறது. மோசே என்ற தடுப்பு அன்றுதான் முதன்முறையாக நிஜ உயர் அலைக்கு எதிராக எழுந்தது. காயலுக்குள் கடல் நுழையும் மூன்று வாய்களில், அதாவது லிடோ, மலமொக்கோ, கியோஜா ஆகிய இடங்களில், மொத்தம் 78 எஃகுக் கதவுகள் கடலடியில் நீர் நிரம்பிப் படுத்திருக்கின்றன. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் நீர் வெளியேறி, கதவுகள் கீல் மேல் எழுந்து நிற்கும். பொதுவாக 110 செ.மீ. வரும் என்று முன்னறிவிப்பு வந்தால் எழுப்புகிறார்கள். ஆகவே 2019 போன்ற காட்சியை நீங்கள் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். 2020 டிசம்பர் 8-இல் முன்னறிவிப்பைவிட அலை கூடுதலாக வந்தது. அப்போது சோதனைக் காலம், எழுப்பும் எல்லையும் உயரமாக இருந்தது. கதவுகள் எழவில்லை, 138 செ.மீ. தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. இயந்திரத்தில் கோளாறு இல்லை, கணிப்பு தவறியது.

கணிப்பு ஏன் தவறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் பயமும் பாதி போய்விடும். அலையின் உயரம் இரண்டு பங்குகளின் கூட்டல். ஒன்று நிலவும் சூரியனும் இழுப்பது, அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிது, நடுவில் வரும் நாட்களில் சிறிது. இன்னொன்று வானிலை: தாழ்ந்த காற்றழுத்தம், தென்கிழக்கிலிருந்து வீசி ஏட்ரியாட்டிக் முழுவதையும் வடக்கே தள்ளும் சிரொக்கோ காற்று. இது சில நாட்களுக்கு முன்புதான் தெரியும், கடைசி நேரத்தில் மாறவும் மாறும். ஆகவே இப்போதே செய்யக்கூடியது ஒன்றுதான்: உங்கள் பத்து நாளில் அமாவாசையோ பௌர்ணமியோ எந்தத் தேதி என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அங்கே போனபின் நகராட்சியின் அலை முன்னறிவிப்புப் பக்கத்தில் தினமும் பார்த்தால் போதும். ரப்பர் பூட்ஸை மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு போகாதீர்கள், தேவைப்பட்டால் அங்கே கிடைக்கும். முக்கிய வழிகளில் மரப்பலகை நடைபாதை போடுவார்கள். சான் மார்கோ தேவாலயத்தைச் சுற்றி 2022-இல் கண்ணாடித் தடுப்பு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், 90 செ.மீ. அலை வரும் காலை ஒன்று உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். சதுக்கத்தின் வடிகால் துளைகளிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கொப்பளித்து வந்து, கல்தளத்தின் லேசான மேடுபள்ளத்தைக் கோடு போட்டுக் காட்டும். கரை உடைத்துக்கொண்டு வருவதில்லை, கீழேயிருந்து வருகிறது.

தெரிந்து தேர்ந்தெடுத்தீர்களோ என்னவோ, உங்கள் தேதிகளுக்குள் நவம்பர் 21 வருகிறது. இதற்காகவே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 1630-31 கொள்ளைநோயில் நகர மக்களில் மூன்றில் ஒருவர் போல இறந்துபோனார்கள். நோய் நீங்கினால் அன்னை மரியாவுக்கு ஒரு கோயில் கட்டுவதாக ஆட்சிமன்றம் நேர்ந்துகொண்டது. அப்படி எழுந்ததுதான் ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனாலின் வாயில் நிற்கும் சலூட்டே தேவாலயம். பல்தஸ்ஸாரே லொங்கேனா 1631-இல் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கட்டினார். 1687-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒவ்வொரு நவம்பர் 21-ஆம் தேதியையும் ஒட்டிச் சான்தா மரியா தெல் ஜீலியோ பக்கத்திலிருந்து கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். ஊர் மக்கள் குடும்பம் குடும்பமாக நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வெளியே குழந்தைகளுக்குப் பலூனும் இனிப்பும் விற்கும் கடைகள். வீடுகளிலும் சில உணவகங்களிலும் அன்று காஸ்த்ரதீனா கிடைக்கும், உப்பிட்டுப் புகையூட்டிய ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் போட்ட சூப். வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

'ஏமாற்றமாகுமா' என்ற கேள்விக்கு இந்த நாள் வழியாகவே பதில் சொல்லலாம். திரும்பிப் போகிறவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் தேவாலயமும் கால்வாயும் இல்லை. போனமுறை காபி குடித்த கடை, ரொட்டி வாங்கிய கடை, அங்கே பேச்சுக்கொடுத்த பெரியவர், இவைதான் காணாமல் போயிருக்கும். 1951-இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போய்விட்டது. ஆள் குறையக் குறைய ஆணி விற்கும் கடை போய் முகமூடி விற்கும் கடை வருகிறது. உங்கள் நினைவில் இருக்கும் கடை இருந்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். அந்த இடத்துக்கு முதல் நாளே ஓடாதீர்கள். நாலைந்து நாள் கழித்து, ஊர் மறுபடி கைக்குப் பழகியபின் போங்கள். முதல் நாள் அது மூடிக்கிடந்தால் பயணம் முழுவதும் கசக்கும், ஐந்தாம் நாள் மூடிக்கிடந்தால் பக்கத்துச் சந்தில் வேறொன்று ஏற்கெனவே பிடித்துப்போயிருக்கும். இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, பலரைப் பார்த்துச் சொல்கிறேன்.

திட்டம் எவ்வளவு போடலாம்? நாளுக்கு ஒன்று, அவ்வளவுதான். நவம்பர் பிற்பாதியில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பகல் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், சில நாள் மூடுபனி அடர்ந்து எதிர்க்கரை தெரியாது. ஓவியம் பார்க்க வேண்டிய இடங்களை முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ராரி தேவாலயத்தில் டிஷியன் வரைந்த மரியாவின் விண்ணேற்பு, 1518-இல் அந்தப் பலிபீடத்துக்காகவே வரைந்து முடித்தது, கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் உயர்ந்த ஜன்னல்கள், அந்த ஒளியைக் கணக்கில் வைத்து வரைந்த படம் போல இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் அதுவரை திரையில் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிட நடையில் சான் ரொக்கோ மண்டபம். டின்டொரெட்டோ 1564 தொடங்கி 1588 வரை அங்கே சுவரையும் கூரையையும் நிரப்பினார். கூரையைப் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்து பிழைக்கும். சான் ஸக்காரியாவில் பெல்லினியின் 1505-ஆம் ஆண்டுப் பலிபீட ஓவியத்துக்கு நாணயம் போட்டால் விளக்கு எரியும். வரும் கூட்டம் விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடும். நீங்கள் நில்லுங்கள், கண் பழகியபின் அரையிருளில் அந்தப் படம் இன்னும் நன்றாக இருக்கும்.

வெளித்தீவுகளில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் டொர்செல்லோவைச் சொல்வேன். 639-இல் நிறுவிய தேவாலயம், மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக், ஒருகாலத்தில் நெருக்கமாக மக்கள் வாழ்ந்த தீவில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவே ஆட்கள். புரானோவின் வண்ண வீடுகளும் அழகுதான், எப்படியும் படகு மாற அங்கே இறங்குவீர்கள்.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பகல்பொழுது மட்டும் வந்துபோகிறவர்களுக்கு 2024-இல் கொண்டுவந்த நுழைவுக் கட்டணத்தை முதல் இரண்டு ஆண்டிலும் ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள சில நாட்களில்தான் வசூலித்தார்கள். நகரிலேயே தங்குகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு, அவர்கள் விடுதியில் தங்கும் வரியைக் கட்டினால் போதும். விதி ஆண்டுதோறும் மாறுவதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வப்பரெட்டோ என்ற பொதுப் பயணிகள் படகில் ஒற்றைப் பயணச்சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். தினமும் ஏறுவதாக இருந்தால் ஏழு நாள் அட்டை லாபம். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசையாக ஓடும், சந்துகளில் கைபேசியின் வழிகாட்டி தடுமாறும். ஆகவே தங்கும் வீட்டுக்காரரிடம் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரையும் பாலத்தின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரியால்டோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. கடைக்குள் நுழையும்போது 'புவோன்ஜோர்னோ' சொல்லிவிட்டு அப்புறம் கேட்பதைக் கேளுங்கள், முகம் மலர்வது தெரியும்.

கடைசியாகக் கொண்டோலா. நகராட்சி நிர்ணயித்த கட்டணம் 2023 நவம்பர் முதல் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்கு மேல் 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஏறுமுன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வீண் செலவு என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் படகு அருமையான தச்சுவேலை. சுமார் 11 மீட்டர் நீளம், இடதுபுறம் வலதுபுறத்தைவிட 24 செ.மீ. அகலம். துடுப்பு வலப்பக்கம் மட்டுமே இருப்பதால் சமச்சீரான படகாக இருந்தால் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும், அதை ஈடுகட்ட உடலையே வளைத்துவிட்டார்கள். சான் த்ரொவாசோ பட்டறையில் கவிழ்த்து வைத்திருக்கும்போது எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கோணல் நன்றாகத் தெரியும், அதற்குக் காசு இல்லை. ஏறியே ஆக வேண்டும், ஆனால் 90 யூரோ மனம் வரவில்லை என்றால், ட்ராகெத்தோ இருக்கிறது: பாலம் இல்லாத இடங்களில் கிராண்ட் கனாலைக் கடத்திவிடும் பெரிய கொண்டோலா, வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சான்தா சோஃபியாவில் ஏறினால் மீன் சந்தைக்கு நேர் எதிரே கொண்டுபோய் விடும். முற்பகலில் போங்கள், சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.